நான் அடிக்காத மான்

என் கார்னரில் நின்ற டில்லி மாமுவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பித்தால் நீயே சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்துவிட்டேன். வியாசர்பாடிக்கு, நம்ம பாக்ஸிங் கிளப்புக்கு, நீ இல்லாத வீட்டுக்கு. நீ போய் ஒரு வருஷம் கழித்துத்தான் வந்திருக்கிறேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் மூடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஏமாற்றியது உன்னை மட்டும் இல்லை.

முதலில் கிளப்பு செய்தி. கூரைக்குப் புதுத் தகடு போட்டிருக்கிறார்கள், மழை வந்தால் இனிமேல் ரிங்குக்குள் பக்கெட் வைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ரயில் போகும்போது சுவர் ஆடுவது மட்டும் அப்படியே இருக்கிறது. பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அதில் ஒருத்தி அடிக்கிற அடியைப் பார்த்தால் நீ வேலைக்குப் போகாமல் அங்கேயே குந்திவிடுவாய். உன் விசிலை யாரோ ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் ஊதுவதில்லை.

அந்த ஆணிக்கு மேலே படம். பனியில் மண்டி போட்டு, பெரிய கொம்பு வைத்த ஒரு ஆண் மானின் தலையைத் தூக்கிப் பிடித்து நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிற படம். மான் கழுத்தின் மேல் என் மர வில். கீழே உன் கோணல் எழுத்தில், 'நம்ம ஏழுமலை கனடாவில் வில்லால் அடித்த மான்.'

மாமு, அந்த மானை நான் அடிக்கவில்லை.

சொல்லிவிட்டேன். இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

நான் ஆல்பர்ட்டாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போன கதையெல்லாம் உனக்குத் தெரியும். கூட வேலை செய்யும் ராய்தான் என்னை முதலில் வேட்டைக்கு அழைத்துப் போனான். அங்கே அதற்குப் பரீட்சை உண்டு, லைசென்ஸ் உண்டு, குலுக்கலில் பெயர் விழுந்தால் ஒருவருக்கு ஒரு மான். ராய் துப்பாக்கிக்காரன். இந்த மலையில் படுத்துக்கொண்டு அந்த மலையில் நிற்கும் மானைச் சுடுவான். எனக்கு அது ருசிக்கவில்லை. கை எட்டுகிற தூரத்தில் நின்று வாங்கியும் கொடுத்தும் வளர்ந்தவன் நான், எதிராளி மூச்சு விடுவதுகூடக் கேட்க வேண்டாமா? அதனால்தான் வில்லை எடுத்தேன். கப்பி வைத்த புது மாதிரி வில் இல்லை. குறி பார்க்கக் கண்ணாடிகூட இல்லாத வெறும் மரமும் நாணும். அதை வைத்து, காலால் இருபது எட்டு வைக்கிற தூரத்துக்குள் போனால்தான் அடிக்கவே முடியும்.

மியூல் டீர் என்று அந்த மானுக்குப் பெயர். கோவேறு கழுதைக்கு இருப்பது போல் பெரிய காது என்று போனில் சொன்னேன். அன்றைக்கே நீ அதற்குக் கழுதமான் என்று பெயர் வைத்துவிட்டாய். அதன் பிறகு எனக்கும் வேறு பெயர் வாயில் வரவில்லை. நவம்பரில் அவை இணை சேரும். வருஷம் பூராவும் உஷாராக இருக்கிற ஆண் மான் அந்த மூன்று வாரம் பித்துப் பிடித்ததாகிவிடும். கழுத்து உப்பிப்போகும், தீனி மறந்துபோகும், தரையை மோந்துகொண்டே பெட்டை பின்னால் அலையும். அப்போதுதான் என்னைப் போன்ற ஆள் அதன் கிட்டே போக முடியும்.

முதல் நவம்பரில் தினமும் நீ கேட்டாய். எனக்குப் பொழுது சாயும் நேரம் உனக்கு விடியும் நேரம். கிளப்புக்குக் கிளம்பும்போது போன் போடுவாய். 'அடிச்சியா மாமு?' இல்லை என்பேன். மறுநாளும் அதே கேள்வி. கன்டெய்னர் யார்டில் உன் கூட டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள் என்று வேறு சொன்னாய். திருவொற்றியூரில் இருக்கிற டிரைவர்களுக்கு என் மானைப் பற்றி என்ன கவலை? நீ ஏற்றி விட்டிருந்தாய், வேறென்ன.

கடைசியில் ஒரு நாள் பதினெட்டு எட்டுத் தூரத்தில் நின்றது. பெட்டை முன்னால், அது பின்னால், விலாவை முழுசாக எனக்குக் காட்டிக்கொண்டு. இழுத்தேன், விட்டேன். அம்பு அதன் முதுகுக்கு மேலே பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. கழுதமான் நாலு காலையும் ஒன்றாக வைத்து ரப்பர் பந்து போலக் குதித்துப் போய், மேட்டில் ஏறி நின்று, திரும்பி என்னைப் பார்த்தது. ஓடும்போது ஒரு தடவை நின்று திரும்பிப் பார்ப்பது அந்த இனத்தின் பழக்கம். எனக்கு என்னவோ அது என்னைக் கேலி பண்ணுவதாகப் பட்டது.

வண்டிக்குத் திரும்பி வந்தால் ராய் சுட்டுக் குடலெடுத்த மான் கிடக்கிறது. அதே நேரத்தில் உன் போன். எடுக்கவில்லை. ராயிடம் ஒரு போட்டோ எடு என்றேன், வில்லை மான் கழுத்தில் வைத்தேன், சிரித்தேன். உனக்கு அனுப்பிவிட்டேன். யோசித்துச் செய்ததா என்று கேட்டால் இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கறி எப்படி இருந்தது என்று கேட்டாய், ஆட்டுக்கறி மாதிரி என்று அதையும் அள்ளி விட்டேன்.

நீ அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, அந்தச் சுவரையே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாய்.

அடுத்த வருஷம் உனக்கு நெஞ்சு வலி வந்தது. உன் வீட்டுக்காரி தேவகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு உன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். மூக்கில் குழாயோடு நீ கேட்டது உடம்பைப் பற்றி இல்லை. கழுதமானுக்கு மெய்யாலுமே காது அவ்வளவு பெரிசா என்று கேட்டாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, இந்த வருஷம் இன்னும் பெரிசாக ஒன்று அடிக்கிறேன் பார் என்றேன். நீ சிரித்தாய்.

"அடி மாமு. அடிச்சிட்டு வா" என்றாய்.

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. நாலு நாள் கழித்துச் செய்தி வந்தபோது நான் வடக்கே எங்கேயோ பைப்லைன் கேம்ப்பில் இருந்தேன். அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது, அது உண்மை. ஆனால் காரியத்துக்கு வந்திருக்கலாம். டிக்கெட் இருந்தது, லீவு இருந்தது. கிளப்பில் உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பினால் எதிர்ச் சுவரில் என் படம் இருக்குமே, அதற்குக் கீழே எப்படி நிற்பது என்றுதான் வரவில்லை. பயந்துவிட்டேன் மாமு. ரிங்குக்குள் யாருக்கும் பயப்படாதவன் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குப் பயந்துவிட்டேன்.

அப்போது முடிவு பண்ணினேன். அடிக்காமல் ஊருக்கு வருவதில்லை. மரம் வளைத்து நாண் இழுத்து, என் கையால், சுத்தமாக ஒன்று. நீ சொல்லி அனுப்பியதும் அதுதானே?

அந்த நவம்பர் துக்கத்திலேயே போய்விட்டது. பனி உருகியதும் வைக்கோல் கட்டுக்கு முன்னால் நின்று தினமும் அம்பு விட ஆரம்பித்தேன். பத்தில் நாலு மேலே போனது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஒரு நாள் போனை ஸ்டாண்டில் வைத்து என்னையே வீடியோ எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

தப்பு என்ன தெரியுமா? நாணை விட்ட அதே நொடியில், வில்லைப் பிடித்திருந்த என் இடது கை விருட்டென்று தாடைக்கு வந்து நிற்கிறது. வில்லோடு. அம்பு இன்னும் வில்லை விட்டு முழுசாகக் கிளம்பக்கூட இல்லை, அதற்குள் கை வீட்டுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அம்பு மேலே போகாமல் எங்கே போகும்?

இது யார் பண்ணின வேலை? சின்ன வயசிலிருந்து என் கூடச் சண்டை பழகி, இடது கை ஜாப் குத்திவிட்டு அரை நொடி அங்கேயே தொங்கினால் போதும், அந்த இடைவெளியில் என் தாடையில் ஒன்று வைப்பாயே, நீ பண்ணின வேலை. வைத்துவிட்டு உபதேசம் வேறு. 'அட்ச்ச கை உடனே வூட்டுக்கு வந்துடணும் மாமு.' ராய் இந்தத் தப்பைப் பண்ணமாட்டான். அந்த நாட்டில் எவனும் பண்ணமாட்டான். வியாசர்பாடிக்காரன் மட்டும்தான் அம்பை விட்டதும் முகத்தை மூடிக்கொள்வான்.

பழகிய கையை மறக்க வைக்க அந்தக் கோடை முழுக்க ஆயிற்று. அம்பை விட்டுவிட்டு, அது வைக்கோலில் குத்துகிற சத்தம் கேட்கும் வரை கையை நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும். இரு, அங்கேயே இரு என்று கைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். தாடை திறந்து கிடக்க, யாராவது அடித்துவிடுவார்களோ என்று கழுத்து கூசும். அடிக்கத்தான் நீ இல்லையே என்று தோன்றும்போது மட்டும் கை தானாக இறங்கிவிடும். அன்றைக்கு நிறுத்திவிடுவேன்.

போன நவம்பருக்குக் குலுக்கலில் பெயர் விழுந்தது. இனிமேல் சொல்வதை நீ நம்பலாம், ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

ஆற்றோரம் பள்ளம், முட்டி வரை புதர், லேசாகப் பனி. காற்று என் முகத்துக்கு நேரே. காற்று முதுகுப் பக்கம் மாறினால் என் வாடை போய்ச் சேரும், கதை முடிந்தது. பெட்டை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கழுத்து உப்பி ஒரு ஆண். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிச் சாக்ஸோடு போனேன். காலடியில் குச்சி இருந்தால் முறிவதற்கு முன்னே தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான். அறுபது எட்டு நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெட்டை தலையைத் தூக்கினால் நான் கல். குனிந்தால் ஒரு எட்டு.

அப்போது இன்னொரு ஆண் வந்தது. இது சும்மா விடுமா? தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால் மடக்கி, பக்கவாட்டில் நடந்து நடந்து போனது. மாமு, அந்த நடையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் சொல். கோபத்தில் ரிங்குக்குள் வருகிறவன் நடை. அவனுக்கு எதிரே இருக்கும் ஒருத்தனைத் தவிர உலகத்தில் வேறு யாரும் கிடையாது. அந்த நேரத்தில் நான் மூன்று எட்டு சேர்த்தே வைத்தேன். வந்தது பயந்து திரும்பிப் போக, இது ஜெயித்த திமிரில் பெட்டையிடம் திரும்பி வந்தது. என்னிடமிருந்து பதினைந்து எட்டு.

கொம்பைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்காதே, தோளைப் பார் என்று நாம் கத்துவோமே, தோளைத்தான் பார்த்தேன். முன்னங்காலை எடுத்து வைத்தது, தோள் முன்னால் போய் விலா திறந்தது. தலை தாழ்ந்து புதருக்குப் பின்னால் மறைந்த நேரம் இழுத்தேன். விட்டேன்.

கை அங்கேயே இருந்தது. நீட்டியது நீட்டியபடி.

சத்தம் கேட்டது. மான் ஒரு துள்ளு துள்ளி ஓடி, மேட்டில் ஏறி நின்று, திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை அதில் கேலி இல்லை. காலை மடக்கிக்கொண்டு அங்கேயே சாய்ந்தது. உடனே போகக் கூடாது, அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு கிட்டே போய் அந்தப் பெரிய காதில் கை வைத்தேன், இன்னும் சூடு இருந்தது. அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. முழங்கை வரை கையை விட்டுக் குடலை எடுத்துச் சுத்தம் பண்ணினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து போனை எடுத்தேன். குளிரில் அது செத்துக் கிடந்தது. அடிக்காத மானுக்குச் சட்டம் போட்ட படம், அடித்த மானுக்கு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறது பார்.

கறி ஆட்டுக்கறி மாதிரி இல்லை மாமு. கொழுப்பே கிடையாது, மாட்டுக்கறிக்குக் கிட்டே. நம்ம மசாலா போட்டு வைத்தேன், ராய் மூக்கில் தண்ணி ஒழுக இரண்டு தடவை வாங்கித் தின்றான்.

அப்புறம்தான் விமானம் ஏறினேன். கிளப்புக்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மான் அடித்த அண்ணன் வந்துவிட்டார் என்று ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். கதை சொல்லச் சொன்னார்கள். நாளைக்கு என்று டபாய்த்துவிட்டு வந்தேன். எல்லாருக்கும் முந்தித் தேவகியிடம் சொல்ல வேண்டும். அவள் என்ன நினைப்பாள் என்பதுதான் எனக்குப் பெரிசு.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்கே போனேன். உனக்குத் தெரிந்த அதே இடம், அதே அரிவாள்மணை, வாங்கி வருகிறவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், குரல் இளைக்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ராய் மான், போட்டோ, கடைசி வீடியோ, வராமல் இருந்தது. சொல்லும்போது அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

முடித்ததும், கழுவின கையை எனக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். நகக்கண்ணில் எல்லாம் சிவப்பு.

"இத பாருண்ணா. எத்தினி வாட்டி கய்வினாலும் போவாது. உன் போட்டோ வந்த அன்னிக்கே அவராண்ட சொன்னேன். அண்ணன் அறுக்கல, கைய பாரு, பட்டு மாரி கீதுன்னு."

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"தெரியும், கம்முனு இருன்னாரு. அவனுக்கு இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி கீதுன்னாரு. அப்பால ஸ்டுடியோவுக்குக் கெளம்பிட்டாரு."

டேய் டில்லி. தெரிந்துகொண்டேவா சட்டம் போட்டாய்?

மார்க்கெட் நடுவில் உட்கார்ந்து எனக்கு அந்த ராயபுரம் பந்தயம் ஞாபகம் வந்தது. இரண்டு ரவுண்டு அந்த ஆள் என்னைத் துவைத்து எடுத்தான். ஸ்டூலில் வந்து விழுந்தேன். நீ வாயில் தண்ணி ஊற்றிக்கொண்டே, நீதான் மாமு முன்னால கீற, இன்னும் ஒரு ரவுண்டு தள்ளு என்றாய். நம்பிப் போய்ச் சண்டை போட்டேன், கடைசி ரவுண்டில் அவனைக் கீழே உட்கார வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது இரண்டு ரவுண்டுமே நான் தோற்றிருந்தேன் என்று. ஏன்டா பொய் சொன்னாய் என்று உன் சட்டையைப் பிடித்தேன். தோக்கறன்னு சொன்னா நீ தோத்துட்டிருப்ப என்று சாதாரணமாகச் சொன்னாய்.

சுவரில் நீ மாட்டியது அதைத்தான் இல்லையா? குழாயோடு படுத்துக்கொண்டு அடிச்சிட்டு வா என்று சொன்னதும் அதுதானா? ஒரு வருஷம் நான் பயந்து ஒளிந்துகொண்டிருந்த படம், நீ எனக்காக ஊற்றிய தண்ணியா? கேட்டால் பதில் சொல்ல நீ இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

தேவகி படத்தைக் கழற்ற வேண்டாம் என்றாள். அவர் மாட்டினது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். சாயங்காலம் கிளப்பில் பிள்ளைகளை ரிங்கைச் சுற்றி உட்கார வைத்து உனக்குச் சொன்ன இதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் நேற்றுக் கையைத் தொட்டவள், அப்போ உன் மான் எங்கண்ணா என்று கேட்டாள். போட்டோ இல்லை என்றேன். இடது கையை நீட்டி, இப்படி வைத்திருந்தேன், இவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா தெரியாது, நம்ப வைக்க நான் மெனக்கெடவும் இல்லை.

பிறகு படத்தை இறக்கித் துடைத்து, உன் எழுத்துக்குக் கீழே மார்க்கரால் இரண்டு வரி எழுதி, அதே இடத்தில் மாட்டினேன். உன் எழுத்தை அழிக்கவில்லை.

நான் உனக்குத் தரும் வாக்கு பெரிசாக ஒன்றும் இல்லை. இனிமேல் தோற்றால் தோற்றேன் என்று சொல்வேன். அதை உன்னிடம் சொல்ல வருஷா வருஷம் இங்கே வருவேன், கையில் மான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எழுதிய இரண்டு வரியையும் நீயே படித்துக்கொள்.

'இந்த மான் நான் அடிச்சது இல்ல.
டில்லிக்குத் தெரியும்.'

கூடப் பிறக்காத உன் மாமு,
ஏழுமலை